அப்படித்தான் இருக்கும் என்றார்கள்

"ஹைபிரிட் என்றால் அப்படித்தான் இருக்கும், சார்." பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் என் ஹைபிரிட் காரில் கேட்ட ஒரு சத்தத்தைப் பற்றிப் புகார் சொன்னபோது கிடைத்த இந்த ஒரு வாக்கியம் வெகு நாட்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்து காலை முதல் மாலை வரை பிறர் கார்களின் முக்கல் முனகல்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். புதிதாக ஹைபிரிட் வாங்கியவர்கள் பிரேக் பம்ப் ஓடும் சத்தத்தையும் பேட்டரி விசிறியின் இரைச்சலையும் கேட்டுப் பதறி ஓடி வருவார்கள். அவர்களுக்கு அது சரியான பதில். எனக்கு அது தவறான பதில். என் காரிலிருந்து வந்த சத்தத்துக்கும் மின்மோட்டாருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பிஸ்டனும் வால்வும் உள்ள எந்த இன்ஜினும் ஆயில் வற்றினால் எழுப்பும் பழைய சத்தம் அது. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கணினியும் தேவைப்படவில்லை. பானெட்டைத் திறந்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியை உருவிப் பார்த்திருந்தால் போதும். அங்கே யாருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் என் வியப்பு.

வீட்டிலும் இதே கதைதான். "பெட்ரோலையே தொட்டு நக்குகிற வண்டி, மாமா, ஆயிலையா குடித்துத் தீர்க்கப் போகிறது?" என்று சிரித்தான் என் அக்கா மகன். கேலிதான் என்றாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு பரவலான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஹைபிரிட் என்பது பாதி மின்சார கார், ஆகவே அதன் இன்ஜினுக்குப் பாதி வேலை, ஆகவே பாதி கவனிப்புப் போதும் என்ற நம்பிக்கை. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. உள்ளே நடப்பது கிட்டத்தட்ட நேர்மாறு.

காது இழந்த வேலை

சாதாரண காரை ஓட்டுகிறவருக்குத் தெரியாமலேயே அவர் காது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும். வேகம் கூடினால் இன்ஜின் ஒலி கூடும். கியர் மாறினால் ஒலி இறங்கும். சிக்னலில் நின்றால் ஒரு சீரான முணுமுணுப்பு. இந்த ஒழுங்கில் சிறு பிசகு வந்தாலும், பாட்டைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கூட 'என்ன இது?' என்று ஒலியைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பார். ஹைபிரிட்டில் அந்த ஒழுங்கே கிடையாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் உறங்கிக்கொண்டிருக்கலாம். நிறுத்தத்தில் அசையாமல் நிற்கும்போது பேட்டரியை நிரப்புவதற்காகத் திடீரென்று விழித்து உறுமலாம். மேட்டில் ஏறும்போது வேகம் அப்படியே இருக்க, இன்ஜின் சுற்று மட்டும் எகிறும். காலுக்கும் ஒலிக்கும் நடுவில் கிரகப் பல்சக்கரங்களும் (நடுச் சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழலும் தொகுதி) இரண்டு மோட்டார்களும் ஒரு கணினியும் உட்கார்ந்துகொண்டு, எப்போது எது ஓட வேண்டும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. சில மாதங்கள் ஓட்டினால் காது தன் வேலையை விட்டுவிடுகிறது. 'எப்போது வேண்டுமானாலும் எந்தச் சத்தமும் வரும்' என்று மனம் சமாதானமாகிவிடுகிறது.

1997 டிசம்பரில் முதல் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஹைபிரிட்டின் பெரிய கவர்ச்சிகளில் ஒன்று அதன் அமைதி. அந்த அமைதி எவ்வளவு முழுமையானது என்றால், பாதசாரிகளின் பாதுகாப்புக்காகச் சட்டம் போட்டுச் செயற்கை ஒலியைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய ஹைபிரிட், மின்சார கார்களுக்கும் இது கட்டாயம். இருபது கிலோமீட்டர் வேகம் வரை அந்த ஒலி கேட்க வேண்டும். ஆக, மெதுவாக உருளும்போது வண்டிக்கு முன்னால் கேட்கும் மெல்லிய ரீங்காரம் பழுது அல்ல, ஒலிபெருக்கி.

பழுது அல்லாதவை இன்னும் உண்டு. கதவைத் திறந்ததும் எங்கோ 'விர்ர்' என்று சில நொடிகள் ஓடி நிற்பது பிரேக் அமைப்பின் பம்ப். ஓட்டுநர் வந்துவிட்டார் என்று அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது. பவர் பொத்தானை அழுத்தியதும் பின்னாலிருந்து வரும் 'டொக்' உயர் மின்னழுத்த பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச். வேகம் குறையும்போது மெலிந்து இறங்கும் 'உய்ங்' ஒலி, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் திரும்புவது. வெயிலில் பின்சீட் ஓரத்தில் இரைவது பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி. இவற்றில் என்னை நிஜமாகவே நடுங்க வைத்த ஒன்று உண்டு. பூட்டிய காரிலிருந்து, நிறுத்திப் பல மணி நேரம் கழித்து, யாரோ உள்ளே இருப்பதுபோல் ஒரு மெல்லிய இயந்திரச் சத்தம். பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறதாம். சில கார்களில் அணைத்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்து அந்தச் சோதனை நடக்கும். இதையெல்லாம் கையேட்டில் தேடித் தேடிப் படித்துத் தெளிந்தபோது, கவுண்டர்காரர் சொன்னது உண்மைதான் என்றுகூட நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

ஆனால் அந்த 'டிக் டிக்' மட்டும் எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை. காலையில் முதல் முறை இன்ஜின் விழிக்கும்போது 'சரக்' என்று ஒரு சங்கிலி உரசல், ஓரிரு நொடிதான். பிறகு, மேட்டில் ஏறும்போதும் நெடுநேரம் ஓடிய பின்னும், தையல் இயந்திரம் தொலைவில் ஓடுவதுபோல் ஒரு மெல்லிய தட்டல். இன்ஜின் அணைந்தால் நின்றுவிடும். சுற்று கூடினால் தட்டலும் விரையும். இதுதான் முக்கியம்: மின்மோட்டார் மட்டும் ஓடும்போது அது ஒருபோதும் வந்ததில்லை. மேலே சொன்ன ஹைபிரிட் ஒலிகளில் ஒன்றுகூட இன்ஜின் சுற்றோடு கைகோத்து நடப்பதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவுண்டரில் இரண்டு முறை விளக்கினேன். கணினியை இணைத்துப் பார்த்தார்கள். எந்தப் பிழைக் குறியீடும் இல்லை என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்கலாம் என்று நின்றபோது இன்ஜின் அணைந்துவிட்டது. பணிமனைக்குள் நிறுத்திய ஹைபிரிட் அப்படித்தான். பேட்டரியில் சார்ஜ் இருந்தால் இன்ஜின் எழுவதற்கு அதற்கு ஒரு காரணமும் இல்லை. நோய் இருக்கிறது, நோயாளி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

கம்பியின் நுனி

பிறகு சென்றது ஒரு சிறிய பணிமனை. அங்கிருந்த பெரியவர் கம்ப்யூட்டரைத் தேடவில்லை. "இன்ஜின் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதானே தம்பி" என்று சொல்லிவிட்டு, பவர் பொத்தானையும் ஆக்சிலரேட்டரையும் கியரையும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் மாற்றி மாற்றி அழுத்தினார். திரையில் பராமரிப்பு நிலை என்று எழுத்து வந்தது. இன்ஜின் எழுந்து நிலையாக ஓடத் தொடங்கியது. புகைச் சோதனைக்கும் பழுது பார்ப்பதற்கும் என்றே பல ஹைபிரிட் கார்களில் வைக்கப்பட்டிருக்கும் வழி இது. மாடலுக்கு மாடல் வரிசை மாறும். இந்த நிலையிலேயே வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் நுனியை வால்வு மூடியின் மேல் ஊன்றி, பிடியைக் காது எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். பிறகு கீழே, இன்ஜின் உடலின் அடிப்பகுதியில் வைத்தார். "கீழே சுத்தமாக இருக்கிறது. மேலேதான். டேப்பட் சத்தம்" என்றார். வால்வைத் தள்ளித் திறக்கும் உறுப்புதான் டேப்பட். என்னிடமும் திருப்புளியைக் கொடுத்தார். மேலே வைத்தபோது சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் தெளிவாக இருந்தது. கீழே வைத்தபோது கனமான, சீரான ஓட்டம் மட்டும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே வால்வுப் பக்கத் தட்டல் இன்ஜின் சுற்றில் பாதி விரைவில் விழும். கீழே பேரிங் தேய்ந்தால் வரும் 'டொக் டொக்' இதைவிடக் கனமாகவும், விரைவாகவும், சுமை ஏற ஏற உரக்கவும் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பேச்சு பழுதைப் பற்றி இருக்காது, மாற்று இன்ஜினைப் பற்றித்தான் இருக்கும்.

அடுத்து அவர் செய்ததை மட்டும் நான் படிப்படியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹைபிரிட் வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடியது அது. சமதளத்தில் நின்ற வண்டியின் இன்ஜினை அணைத்ததோடு விடவில்லை. பவரையே முழுவதுமாக அணைத்து, சாவியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தொலைவில் மேசைமேல் வைத்தார். "ரெடி விளக்கு எரிகிற வண்டியில் கையை விடாதீர்கள். பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும், நினைத்த நேரத்தில் ஓடும். விரல் பெல்ட்டில் இருக்கும்." ஐந்து நிமிடம் காத்திருந்தார், மேலே தெறித்த ஆயில் எல்லாம் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு வடிவதற்காக. மஞ்சள் வளையத்தைப் பிடித்துக் கம்பியை உருவினார். வெள்ளைத் துணியால் துடைத்தார். முழுவதும் உள்ளே செருகி, மீண்டும் உருவி, படுக்கையாகப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். நிறைவுக் குறி காய்ந்து பளபளத்தது. குறைவுக் குறியும் காய்ந்திருந்தது. அதற்கும் கீழே, கம்பியின் கடைசி நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பிசுக்கு. அதுவும் ஒரு சொட்டாகக்கூடத் திரளவில்லை.

ஆயில் விளக்கு எரியவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கையேடு அதற்கும் விடை வைத்திருந்தது. டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் எண்ணெய்க் குவளைப் படம் ஆயிலின் அளவைச் சொல்வதற்கல்ல; ஆயிலின் அழுத்தத்தைச் சொல்வதற்கு. சம்பின் அடியில் பம்பின் உறிஞ்சு குழாய் மூழ்கியிருக்கும்வரை அழுத்தம் இருக்கும், விளக்கும் அணைந்தே இருக்கும். ஆயில் இன்னும் வற்றி, வளைவில் திரும்பும்போதோ திடீரென்று பிரேக் போடும்போதோ ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்போதுதான் அது கண் சிமிட்டும். அளவுக்கென்று தனி மஞ்சள் விளக்கு சில கார்களில் உண்டு, என்னுடையதில் இல்லை. பேட்டரியின் அளவைப் பட்டை பட்டையாகவும், மின்சாரம் எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை அம்புக்குறியாகவும் நொடிக்கு நொடி வரைந்து காட்டுகிற திரை, உயிர்நாடியான நாலு லிட்டர் ஆயிலைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதை வடிவமைத்தவர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

பெரியவர் அரை லிட்டர் ஊற்றினார், பொறுத்தார், அளந்தார். மீண்டும் கொஞ்சம் ஊற்றினார். ஒரேயடியாகக் கவிழ்க்கவில்லை. நிறைவுக் குறியைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கிடையாது, பழைய நோயே திரும்பி வரும். இன்ஜினை ஓட்டியதும் தட்டல் முதலில் தொடர்ந்தது. ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் புகுந்த காற்று வெளியேறச் சற்று நேரம் பிடிக்கும் என்றார். சிறிது நேரத்தில் தேய்ந்து, தேய்ந்து, நின்றது. நான் முகம் மலர்ந்து நின்றேன். அவர் முகத்தில் மலர்ச்சி இல்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சத்தம் போய்விட்டது, சரி. இதில் இருந்த ஆயில் எங்கே போனது?"

ஒழுகியதா, எரிந்ததா

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதுவரை என் கவலை எல்லாம் சத்தம். சத்தம் வெறும் தகவல் என்பதும், விவகாரம் வேறிடத்தில் இருக்கிறது என்பதும் அன்றுதான் உறைத்தது. வண்டிக்கு அடியில் ஒழுகலின் தடம் இல்லை. ஃபில்டர், சம்ப் திருகு, வால்வு மூடியின் கேஸ்கெட் எல்லாம் உலர்ந்திருந்தன. "அப்படியென்றால் எரிகிறது" என்றார். "புகையே வரவில்லையே, அண்ணே" என்றேன். "புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்வரை புகை உங்கள் கண்ணில் படாது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அதுவே எரித்துவிடும். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அதன்மேல் படிந்து படிந்து கடைசியில் அதையும் கெடுக்கும்." புகை இல்லை என்பதை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பிசகு என்று புரிந்தது.

எரிவதற்கான வழி பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கில் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங்குகள். கீழே இருப்பது சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழித்து, பிஸ்டனில் உள்ள நுண் துளைகள் வழியாகத் திருப்பி அனுப்புவது. எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காக, உராய்வைக் குறைக்க இந்த ரிங்குகளின் இறுக்கத்தைக் குறைத்தார்கள். ஆயிலையும் 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று மேலும் மேலும் மெலிதாக்கினார்கள். இரண்டும் மைலேஜுக்கு நல்லது. ஆனால் துளைகளில் கரி அடைத்து ரிங் ஒட்டிக்கொண்டால், வழிக்கப்படாத ஆயில் எரியறைக்குள் தங்கிப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை எரியறைக்குத் திருப்பி அனுப்பும் பி.சி.வி. வால்வு கெட்டாலும் ஆயில் உறிஞ்சப்படும். அது மலிவான, எளிதான பழுது, ஆகவே முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் அதை மாற்றியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் கம்பி எனக்குக் காட்டிய ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். ஊருக்குள் குட்டிக் குட்டிப் பயணங்களாக ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆயில் அளவு குறையவே இல்லை. பழுது தானாகவே சரியாகிவிட்டதோ என்றுகூட ஆசைப்பட்டேன். பிறகு நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட பயணம். திரும்பி வந்து பார்த்தால் அளவு சட்டென்று கீழே கிடக்கிறது. ஒரே பயணத்தில் இவ்வளவு எரியுமா என்ற குழப்பத்தைத் தீர்த்து வைத்தது வேதியியல்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். சிறு பகுதி ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். ஹைபிரிட்டில் இன்ஜின் சற்று ஓடும், அணையும், ஆறும், மீண்டும் ஓடும். குட்டிப் பயணங்களில் ஆயில் போதிய சூட்டை எட்டுவதே அரிது. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் (கூலன்ட்) வெப்பநிலை ஏறிய பிறகும் ஆயில் பின்தங்கியே இருக்கும். ஆக, தண்ணீரும் எரியாத பெட்ரோல் துளிகளும் ஆயிலோடு கலந்து அளவைக் கூட்டிக் காட்டும். தண்ணீர் ஊற்றிய பாலைப்போல் பாத்திரம் நிறைந்திருக்கும், உள்ளே சத்து இருக்காது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடி ஆயில் கொதிக்கக் கொதிக்கச் சூடானதும் கலப்படம் எல்லாம் ஆவியாகி, உண்மையான அளவு வெளியே வருகிறது.

இதனால்தான் இப்போது நான் நெடும்பயணம் முடிந்த பின் கிடைக்கும் அளவை மட்டுமே நம்புகிறேன். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய்போல் வெளிறிய பூச்சு படிந்திருந்தால் அது பெரும்பாலும் இந்த ஈரம்தான். ஆனால் கூலன்ட் தொட்டியின் அளவும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தால் விளையாட்டல்ல. இன்ஜினின் மேல் பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், வண்டியை ஓட்டாமல் காட்ட வேண்டும்.

கையேட்டின் கணக்கு

இத்தனைக்கும் பிறகு மீண்டும் அந்த கவுண்டருக்குப் போனேன், சண்டைக்கல்ல, வாரண்டி இன்னும் இருந்ததால். இந்த முறை பதில் கொஞ்சம் மாறியிருந்தது: "ஆயில் கொஞ்சம் குறைவது இயல்புதான், சார். கையேட்டிலேயே போட்டிருக்கிறது." போட்டிருப்பது உண்மைதான். 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை செலவாகலாம் என்று எழுதி வைத்திருக்கும் கையேடுகள் உண்டு; பணிமனைகள் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டரை எல்லையாக வைத்துக்கொள்வதும் உண்டு. அதே கையேட்டில் ஆயில் மாற்றும் இடைவெளி 10,000 கிலோமீட்டர், சிலவற்றில் 15,000. இன்ஜினில் இருப்பதோ நாலு லிட்டர் சொச்சம். கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1,000-க்கு ஒரு லிட்டர் என்றால் அடுத்த சர்வீஸுக்கு வருவதற்குள் பத்து லிட்டர் போயிருக்க வேண்டும். 2,000-க்கு ஒரு லிட்டர் என்ற 'நல்ல' கணக்கிலும் ஐந்து லிட்டர். இருப்பதைவிட அதிகம்! இயல்பு என்று அவர்களே சொல்லும் அளவில் எரிகிற ஒரு வண்டியை, அவர்களே சொல்லும் இடைவெளியில் மட்டும் சர்வீஸுக்கு விட்டால் இன்ஜின் பாதி வழியிலேயே செத்துப்போகும். நடுவில் வண்டிக்காரர் தானே அளந்து ஊற்றிக்கொள்வார் என்று கையேடு நினைத்துக்கொண்டிருக்கிறது. ஹைபிரிட் என்றால் கவலையே வேண்டாம் என்று கேட்டு வாங்கியவர்களோ அப்படி நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

இதில் ஹைபிரிட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் பார் என்பது பழைய வழக்கம்; அந்தக் காலத்து வண்டிகள் அடிக்கடி பெட்ரோல் கேட்டதால் ஆயிலும் அடிக்கடி பார்க்கப்பட்டது. ஒரு தொட்டியில் 800 கிலோமீட்டர் ஓடும் ஹைபிரிட்டில் அந்த நினைவூட்டலும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கம்பியில் குறைவுக் குறிக்கும் நிறைவுக் குறிக்கும் நடுவே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். கையேடு அனுமதிக்கும் உச்ச அளவில் எரிந்தால், ஒரு தொட்டிப் பெட்ரோல் தீர்வதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். தவிர, ஓடோமீட்டர் காட்டும் தூரத்தில் மோட்டார் மட்டும் ஓடிய தூரமும் அடக்கம். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் என்று நான் சொல்லும்போது, அந்த 1,000-இல் ஒரு பகுதியில் இன்ஜின் உழைத்திருக்கவே இல்லை. உழைத்த நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் எண் இன்னும் மோசமாகும். சாதாரண காருக்கு எழுதிய எல்லையை அப்படியே ஹைபிரிட்டுக்கும் பொருத்துவது வண்டிக்காரருக்குச் சாதகமான கணக்கல்ல.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இன்ஜினை எழுப்பும் முறையில் ஹைபிரிட் சாதாரண காரைவிட மேல். சாதாரண ஸ்டார்ட்டர் இன்ஜினை மெதுவாகப் புரட்டும். இங்கே பெரிய மோட்டார் முதலில் நிமிடத்துக்கு 1,000 சுற்று வரை விறுவிறுவென்று சுழற்றிவிட்டு, பிறகுதான் பெட்ரோல் தெளிக்கிறது. ஆயில் அழுத்தம் முன்கூட்டியே ஏறிவிடுவதால் தேய்மானம் குறைவு. சம்பில் ஆயில் இருந்தால்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி கவுண்டரில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார், உள்ளே போய் மேலாளரைக் கூட்டி வந்தார். வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. ஆயில் செலவுச் சோதனை நடத்த ஒப்புக்கொண்டார்கள். பழைய ஆயிலை வடித்து, புதிய ஃபில்டர் போட்டு, நிறைவுக் குறிவரை அளந்து ஊற்றி, வடிகால் திருகிலும் ஊற்றும் மூடியிலும் கம்பியின் வளையத்திலும் மஞ்சள் வண்ணத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், நடுவில் யாரும் திறக்கவில்லை என்று தெரிவதற்காக. 2,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். அதற்குள் சிவப்பு விளக்கு சிமிட்டினாலோ தட்டல் திரும்பினாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு அவர்களை அழைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் குறைந்திருந்தால் பிஸ்டனும் ரிங்கும் வாரண்டியில் மாற்றப்படும். குறைவாக இருந்தால் நானே ஊற்றிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். சோதனையில் நகரப் பயணம் மட்டும் போதாது, கடைசிப் பகுதியையாவது நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு அன்றே அளக்க வேண்டும் என்ற என் நிபந்தனையையும் படிவத்தின் ஓரத்தில் கையால் எழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டேன்.